பேட்டில் இருக்கும் சிவப்புத் தடம்

விக்கெட் விழுந்ததும் எங்கள் ஆட்கள் பிட்ச் நடுவில் கூடிக் கைதட்டிக்கொள்வார்கள். நானும் போவேன். ஆனால் என் முகம் மரத்தடிப் பக்கம் திரும்பியிருக்கும். அங்கிருந்துதான் அடுத்த ஆள் கிளம்பி வருவார். எல்லைக்கோட்டிலிருந்து பிட்ச்சுக்கு அறுபது எழுபது மீட்டர் இருக்கும். அந்த நடையை 23 வருஷத்தில் நான் தவறவிட்டதே இல்லை.

சென்னை லீகில் கீழ் டிவிஷன்களில் இடது கை ஸ்பின் போட்டவன் நான். நான்காவது டிவிஷனில் தொடங்கினேன். நடுவில் ஒரு நாலு வருஷம் இரண்டாவது டிவிஷன். அதற்கு மேலே போகவில்லை. வாரத்தில் ஆறு நாள் அச்சகத்தில் மை வாசனை, ஏழாம் நாள் புல் வாசனை. இதில் என் தொழில் எது என்று கேட்டால் ஏழாம் நாளைத்தான் சொல்வேன்.

வருகிற ஆள் கிளவுஸை மாட்டிக்கொண்டே வந்தால் அவர் அவ்வளவு சீக்கிரம் இறங்க வேண்டியிருக்கும் என்று நினைக்கவில்லை. வானத்தை நாலு தடவை நிமிர்ந்து பார்த்துக்கொண்டு வந்தால் வெளிச்சத்துக்குக் கண்ணைப் பழக்கிக்கொள்கிறார், பொறுமைசாலி. எனக்கு மிகவும் பிடித்தது, அவுட்டாகிப் போகிறவரை வழியில் நிறுத்தி ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறவர். என்ன கேட்டிருப்பார் என்று எனக்குத் தெரியும். "சுத்துதா?" "சுத்துதுடா, பார்த்து ஆடு." அந்த பதிலோடு வருகிறவர் முதல் பந்திலேயே சுழலை எதிர்பார்த்து ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே பேட்டைக் கொண்டுபோவார். அவருக்கு முதல் பந்து ஆர்ம் பால்தான். சுழலாமல் நேராக, கொஞ்சம் உள்ளே வரும். இப்படி எடுத்த விக்கெட்டுகளை எண்ணி வைக்கவில்லை, நிறைய.

இதெல்லாம் தூரத்திலிருந்து தெரிவது. நிஜமான விஷயம் கிட்டத்தில் இருக்கிறது. ஒரு ரன் ஓடி வந்து அவர் நான்-ஸ்ட்ரைக்கர் முனையில், அம்பயருக்குப் பக்கத்தில், எனக்கு ஒரு கை தூரத்தில் நிற்பார். பேட்டைத் தரையில் ஊன்றி அதன் மேல் சாய்ந்திருப்பார். அப்போது பேட்டின் முகம் என் பக்கம் இருந்தால், அந்த ஆளின் ஜாதகமே என் முன்னால் விரித்து வைத்த மாதிரி.

சிவப்புப் பந்து வெள்ளை மரத்தில் பட்டால் தடம் விழும். துணியால் துடைத்தாலும் முழுக்கப் போகாது. தடங்கள் எல்லாம் உள் ஓரத்துக்குப் பக்கத்தில் அடிப்பாகத்தில் இருந்தால், நேராக வரும் பந்தையும் லெக் பக்கம் இழுத்து அடிக்கிறவர். ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும் மேல்பாகத்தில் தடம் இருந்தால், பந்து எழும்பும்போது அவர் கை அதோடு எழும்புவதில்லை. வெளி ஓரத்தில் வரிசையாக இருந்தால் கட் அடிக்கப் போய்த் தவறுகிறவர், அல்லது ஸ்லிப்புக்குப் பக்கத்தில் பிழைத்துக்கொண்டே இருப்பவர். நடுவில் உள்ளங்கை அளவுக்கு ஒரே வட்டமாக இருந்தால், அன்றைக்கு எனக்கு வேலை அதிகம்.

புது பேட்டோடு வருகிறவர்களைப் பற்றி இதில் எதுவும் தெரியாது. அவர்களுக்குக் காலைப் பார்க்க வேண்டும். அதைப் பிறகு சொல்கிறேன்.

இப்படிப் பார்க்க எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் கிரிக்கெட்டே தெரியாத என் அப்பா. தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் முப்பது வருஷம் நின்றவர். பள்ளிக்கூட லீவு நாளில் மத்தியானச் சாப்பாட்டை நான்தான் கொண்டுபோவேன். அவர் சாப்பிட வரும்வரை ஒரு மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பேன். ஒரு குடும்பம் வரும். அப்பா இருபது புடவையை விரிப்பார். அந்த அம்மாள் ஒவ்வொன்றாக "வேணாம், வேணாம், பார்டர் பெரிசு, கலர் அடிக்குது" என்று தள்ளிக்கொண்டே போவார். பையன் எல்லாவற்றையும் மடித்து அடுக்கிவிடுவான். ஒன்றை மட்டும் அப்பா மடிக்க விடமாட்டார். மேஜை ஓரத்தில் பாதி விரிந்தபடி அது கிடக்கும். கடைசியில் அந்தப் புடவைக்குத்தான் பில் போடுவார்கள்.

ஒரு நாள் கேட்டேன், எப்படித் தெரியும் என்று. சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "வேணாம்னு சொல்றதக் காதுல வாங்காதடா. கண்ணு எதுக்குத் திரும்பித் திரும்பிப் போகுதுன்னு பாரு. அத மட்டும் மடிக்காம வச்சிரு."

நான் பந்து போடக் கற்றுக்கொண்டபோது என்னைச் சுற்றி இருந்த எல்லாரும் சொன்னது வேறு. எதிராளியின் பலவீனத்தைக் கண்டுபிடி, அங்கேயே போடு என்றார்கள். ஐந்தாறு வருஷம் அப்படித்தான் போட்டேன். அதில் ஒரு சிக்கல் உண்டு. முப்பது வயதுவரை லீக் ஆடிய ஒருவருக்குத் தன் பலவீனம் நம்மைவிட நன்றாகத் தெரியும். அதை மறைக்க அவர் பத்து வருஷம் உழைத்திருப்பார். ஸ்வீப் வராதவர் ஸ்வீப் ஆடமாட்டார், காலை நீட்டி டொக்கு வைத்துக்கொண்டே இருப்பார். அங்கேயே போட்டால் ஓவர்தான் தீரும், ஆள் போகமாட்டார். தனக்கு ஆசையான அடியை மட்டும் யாராலும் மறைக்க முடியாது. அது கண்ணில் தெரியும், காலில் தெரியும், பந்து போடுவதற்கு முன் காற்றில் சும்மா ஆட்டிப் பார்க்கும் பேட்டிலும் தெரியும். யாரும் தனக்குப் பிடிக்காத அடியைக் காற்றில் ஆட்டிப் பார்ப்பதில்லை.

இது புரிந்ததும் என் பந்துவீச்சே மாறியது. அதற்குக் களமும் ஒரு காரணம். 90களில் கீழ் டிவிஷன் ஆட்டம் என்றால் பெரும்பாலும் பாய் விக்கெட். கெட்டித்த மண் தரையில் தேங்காய் நார்ப் பாயை விரித்து, ஓரமெல்லாம் பெரிய ஆணி அடித்து இழுத்துக் கட்டுவோம். காலையில் ஆணி அடிக்கும் வேலையை நானே முன்வந்து எடுத்துக்கொள்வேன். பாயைத் தொட்டுப் பார்க்க அதைவிட நல்ல வாய்ப்பு இல்லை. இறுக்கமாக இருந்தால் பந்து சறுக்கிக்கொண்டு வேகமாக வரும். கொஞ்சம் தளர்ந்திருந்தால் பந்து நாரில் பிடித்துச் சுழன்று எழும்பும். பாயில் ஸ்பின் போடுகிறவனுக்குப் பெரிய சாமர்த்தியம் தேவையில்லை. விரலைத் திருகினால் போதும், மீதியைப் பாய் பார்த்துக்கொள்ளும். பிறகு மைதானங்கள் ஒவ்வொன்றாக டர்ஃபுக்கு மாறின. அதே திருகலுக்குப் பந்து பாதிதான் சுழன்றது, இடுப்புக்கு மேல் எழும்பவில்லை. விரல் மட்டும் போதாது என்று ஆனபோதுதான் எதிரில் நிற்கிற ஆளைப் படிக்க ஆரம்பித்தேன்.

எங்கள் கிளப்பில் வயதான ஒருவர் இருந்தார். ஸ்கோர் எழுதுவார், டீ வாங்கிவருவார், வலைப்பயிற்சியில் எனக்குப் பின்னால் நின்றுகொண்டு ஒன்றும் சொல்லாமல் பார்ப்பார். 1973ல் சேப்பாக்கத்தில் நடந்த ரஞ்சி இறுதி ஆட்டத்தை நேரில் பார்த்தவர். பம்பாய் முதலில் 151, பிறகு 113. சொந்த மண்ணில், சுழலும் களத்தில் தமிழ்நாடு 80க்கும் 61க்கும் சுருண்டது. மூன்றாம் நாள் முதல் பந்திலேயே ஆட்டம் முடிந்தது. பம்பாயின் இடது கை ஸ்பின்னர் பத்மாகர் ஷிவால்கர் முதல் இன்னிங்ஸில் 16 ரன்னுக்கு 8, அடுத்ததில் 18 ரன்னுக்கு 5. வெங்கட்ராகவனும் வி.வி.குமாரும் எங்கள் பக்கம் இருந்தும் இப்படி ஆகிவிட்டதே என்று ஐம்பது வருஷம் கழித்தும் அவருக்கு ஆறவில்லை. ஆனால் அந்த ஆதங்கத்தோடு ஒரு விஷயத்தையும் சேர்த்துச் சொல்வார்: "நம்ம ஆளுங்க களத்தைப் பார்த்து ஆடினாங்க. அந்த மனுஷன் ஆளைப் பார்த்துப் போட்டான்."

ஷிவால்கர் ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை. ஹரியானாவின் ராஜிந்தர் கோயலும் ஆடவில்லை. ரஞ்சியில் மட்டும் 637 விக்கெட் எடுத்த இடது கை ஸ்பின்னர் அவர். இருவரும் ஆடிய காலத்தில் இந்திய அணியில் பிஷன் சிங் பேடி இருந்தார். டெஸ்ட்டில் 266 விக்கெட். இந்த மூவரைப் பற்றி நினைக்காமல் நான் ஒரு சீசனையும் தொடங்கியதில்லை. பேடி தன் பந்தை சிக்ஸ் அடித்த பேட்ஸ்மேனுக்குக் கை தட்டுவார் என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. பெருந்தன்மை என்பார்கள். பெருந்தன்மைதான். அதோடு, அந்தக் கைதட்டலில் எங்கள் அப்பாவின் புடவையும் இருந்தது என்று நான் நம்புகிறேன். நன்றாக அடித்தாய், இன்னொரு தடவை அடி என்று கேட்கிற கைதட்டல் அது.

ஒரு ஓவரை முழுக்கச் சொல்கிறேன். மெரினா மைதானம், பகல் ஒரு மணி தாண்டியிருந்தது. கடற்காற்று அப்போதுதான் எழுந்திருந்தது. நான் காற்றை எதிர்த்துப் போடும் முனையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். எதிர்க்காற்றில் பந்து ஒரு கணம் மேலே நிற்கிற மாதிரி இருந்து, பிறகு சட்டென்று விழும்.

வந்தவர் வலது கை ஆட்டக்காரர், உயரம், இருபத்தைந்து வயதிருக்கும். லெக் ஸ்டம்ப் கார்டு கேட்டார். இடது கை ஸ்பின்னுக்கு லெக் ஸ்டம்பில் நிற்கிறவர் ஆஃப் பக்கம் கைக்கு இடம் தேடுகிறார். கார்டு எடுத்தபின் ஃபீல்டைச் சுற்றிப் பார்த்தார். எல்லாரும் பார்ப்பார்கள், அது சடங்கு. ஆனால் முழு வட்டம் பார்த்து முடித்தபின் கண் மறுபடி ஒரு இடத்துக்குப் போய் வந்தது. எக்ஸ்ட்ரா கவர். அங்கே எங்கள் ஆள் நின்றிருந்தான்.

அவனைப் பாயின்ட்டுக்கு அனுப்பினேன். கேப்டன் ஓடி வந்தார். "அங்கதானப்பா இவன் அடிப்பான், போன மேட்ச்ல பார்த்தேன்." "அதான் காலி பண்றேன்" என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு மிட்-ஆஃபுக்குப் போனார்.

முதல் பந்து மெதுவாக, ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே, முழு நீளத்தில் போட்டேன். அவர் முன்கால் லெக் பக்கம் கொஞ்சம் ஒதுங்க, பேட் உள்ளிருந்து வெளியே சுழன்றது. எக்ஸ்ட்ரா கவர் வழியாக நாலு. அழகான அடி. வலிக்கத்தான் செய்தது, ஆனால் எனக்குத் தேவையானது கிடைத்துவிட்டது. பந்து என் கையை விட்டு வந்தபின் அவர் முடிவெடுக்கவில்லை. அதற்கு முன்பே முன்காலின் குதிகால் தரையிலிருந்து எழும்பியிருந்தது.

புது பேட்டோடு வருகிறவர்களுக்குக் காலைப் பார்க்க வேண்டும் என்றேனே, அது இதுதான். பந்து என் கையிலிருந்து அவரிடம் போய்ச்சேர ஒரு விநாடிகூட ஆகாது. ஆனாலும் நல்ல ஆட்டக்காரர் அந்த விநாடிக்குள் காத்திருப்பார், அவர் கால் பந்துக்குப் பிறகு நகரும். ஆசைப்பட்டவரின் கால் பந்துக்கு முன்னால் நகரும். குதிகால் எழும்பினால் இறங்கி வரப்போகிறார். முன்முட்டி மடங்கினால் ஸ்வீப். பின்கால் ஸ்டம்புக்குக் குறுக்கே போனால் லெக் பக்கம் இழுப்பார். பேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் இவை எதுவும் தெரியாது.

இரண்டாவது பந்தை அதே உயரத்தில், ஒரு அடி குறைத்துப் போட்டேன். டொக்கு வைத்தார். மூன்றாவதை வேகமாக, கால்காப்பை நோக்கி. அதையும் தடுத்தார், ஆனால் அவருக்குப் பிடிக்கவில்லை. கிரீஸைவிட்டு நகர்ந்து பிட்ச்சில் ஒன்றுமில்லாத இடத்தைப் பேட்டால் தட்டினார். கண் மறுபடி எக்ஸ்ட்ரா கவருக்குப் போனது. நான்காவதைக் கொடுத்தேன். மெதுவாக, வளைவாக, வெளியே. இரண்டடி இறங்கி வந்து தூக்கினார். எல்லைக்கோட்டுக்கு வெளியே, மரத்தடியில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து கத்தினார்கள். நானும் கை தட்டினேன்.

ஐந்தாவது பந்துக்கு ஓடிவரும்போது எல்லாம் ஒன்றுதான். அதே ஐந்து எட்டு, அதே தோள், அதே கை வேகம், காற்றில் பந்து எழும் உயரம்கூட அதே. ஒன்று மட்டும் வேறு. கிரீஸுக்கு இரண்டடி பின்னாலேயே நின்று பந்தை விட்டேன். சட்டப்படி கிரீஸைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான். எவ்வளவு பின்னாலிருந்து போடலாம் என்பது என் இஷ்டம். ஆள்காட்டி விரல் தையல் மேல் இழுபட்டுக் கிழிகிற மாதிரி ஒரு எரிச்சல் இருந்தால் பந்து நன்றாகத் திருகிவிட்டது என்று அர்த்தம். அந்த எரிச்சல் இருந்தது. அவர் இறங்கி வந்தார், அதே இரண்டடி. பந்து அவர் நினைத்த இடத்துக்கு வரவில்லை. எதிர்க்காற்றில் நின்று, அவர் பேட்டுக்கு ஒரு முழம் முன்னால் விழுந்து, வெளியே திரும்பியது. பேட் சுழன்று தோளுக்கு மேல் போய்விட்டது. கீப்பர் பந்தை வாங்கி, அவசரமே இல்லாமல் பெயிலைத் தட்டினான்.

போகும்போது அந்தப் பையன் என் பக்கம் திரும்பி, "அதே பால்தானே அண்ணா?" என்று கேட்டான். "அதே பால்தான்" என்றேன். பொய் இல்லை.

எல்லாரும் ஆசையோடு வருவதில்லை. இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு ஏழாவது ஆளாக இறங்கிய ஒருவர். அறுபதை நெருங்கியிருப்பார். தொப்பை. வார் வைத்துப் பக்கிள் மாட்டும் பழைய கால்காப்பு. ஆள் குறைந்ததால் கிளப் செயலாளரையே இறக்கிவிட்டார்கள் போல என்று நினைத்தேன். பேட்டைப் பார்க்கவில்லை. எண்ணெய் ஊறிக் கறுத்த பழைய பேட், அதன் நடுவில் மட்டும் உள்ளங்கை அளவுக்கு வட்டமாகச் சிவப்பு, ஓரங்களில் ஒரு கீறல்கூட இல்லை. இதை நான் கவனித்தது அவர் முப்பது ரன் எடுத்து முடித்த பிறகு. பந்து பேட்டில் பட்டு அங்கேயே செத்து விழும், அவ்வளவு மெதுவான கை. பவுண்டரி அடிக்கவே இல்லை. ஒன்று, ஒன்று, ஒன்று. அடிக்க இடம் கொடுத்தேன், அவர் அதைப் பார்க்கவே இல்லை. கண் எங்கேயும் திரும்பிப் போகவில்லை.

ஆட்டத்தை அவர்கள் ஜெயித்தார்கள். வீட்டுக்குப் பஸ்ஸில் வரும்போது யோசித்து யோசித்துப் பார்த்தேன். அவருக்கும் ஒரு ஆசை இருந்திருக்கிறது: இருப்பது. அங்கேயே நின்றுகொண்டிருப்பது. அப்படிப்பட்டவரை அவுட்டாக்கப் போகக் கூடாது. முதல் பந்திலேயே ஒரு ரன் கொடுத்து மறுமுனைக்கு அனுப்பிவிட்டு, அங்கிருந்து வருகிற பொறுமையில்லாதவரோடு பேச வேண்டும். அடுத்த வருஷம் அப்படித்தான் செய்தேன். அவர் 22 நாட் அவுட், மறுமுனையில் நாலு பேரை எடுத்தேன். ஆட்டம் முடிந்ததும் அவரே வந்து கை கொடுத்தார். அதில் எனக்கு இருந்த சந்தோஷம் சில ஐந்து விக்கெட் நாட்களில்கூட இருந்ததில்லை.

இடது கை ஆட்டக்காரர்களைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. என் பந்து அவர்களுக்கு உள்ளே வரும், அவர்கள் அதை விரும்புவார்கள். வேகத்தைக் குறைத்துக் காத்திருப்பேன். அம்பயரைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. கீழ் டிவிஷன் அம்பயர்கள் முன்கால் எல்பிடபிள்யூ கொடுக்கத் தயங்குவார்கள். அது தெரிந்த ஆட்டக்காரர் பேட்டைக் கால்காப்புக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு காலாலேயே ஆடுவார். ஆகவே காலையில் டாஸுக்கு முன் ஆட்டக்காரர்களை அளப்பதற்கு முன்னால் அம்பயரோடு ஐந்து நிமிஷம் பேசிவிடுவேன்.

நான் பார்க்கிற மாதிரி என்னையும் யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது தெரிய 18 வருஷம் ஆனது. பள்ளி முடித்திராத ஒரு பையன். மீசை சரியாக முளைக்கவில்லை. என் ஆர்ம் பாலை மூன்று தடவையும் பின்காலில் போய், நேராக, தயாராக ஆடினான். மற்ற பந்துகளுக்கு முன்கால். கையைப் படிக்கிறான் என்று நினைத்து மணிக்கட்டை மாற்றிப் பார்த்தேன். பலனில்லை. ஆட்டம் முடிந்து தண்ணீர் டிரம் பக்கத்தில் நின்றபோது கேட்டேன். அவன் கொஞ்சம் கூச்சப்பட்டான்.

"அங்கிள், நீங்க மத்த பாலுக்குச் சும்மா வருவீங்க. ஆர்ம் பால் போடறப்ப மட்டும் ஓட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பந்தை ரெண்டு கையாலயும் மூடிக்கறீங்க."

தையலை நேராகப் பிடிக்கும் பிடியை மறைக்கத்தான் அப்படி மூடினேன். மறைத்ததே காட்டிக்கொடுத்திருக்கிறது. அந்த வாரமே வலையில் எல்லாப் பந்தையும் மூடிக்கொண்டு ஓடப் பழகினேன். அந்தப் பையன் பிறகு மேல் டிவிஷனுக்குப் போனான் என்று கேள்விப்பட்டேன். போக வேண்டியவன்தான்.

இன்னொருவரைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. வடசென்னைப் பக்கத்து கிளப் ஒன்றின் தொடக்க ஆட்டக்காரர், என்னைவிட ஐந்தாறு வயது பெரியவர். பதினைந்து சீசனுக்கு மேல் நேருக்கு நேர் ஆடியிருக்கிறோம். மைதானத்துக்கு வெளியே ஒரு தடவைகூடச் சந்தித்ததில்லை. அவர் பிள்ளைகள் எத்தனை, எங்கே வேலை, எதுவும் எனக்குத் தெரியாது. ஆனால் அவருக்கு எது பிடிக்கும் என்று தெரியும். லேட் கட். என் பந்து வெளியே திரும்பிப் போகும். மற்றவர்கள் அதைத் துரத்துவார்கள். அவர் காத்திருப்பார். பந்து அவரைத் தாண்டி, கீப்பர் கை அதன் மேல் மூடப் போகிற நேரத்தில், ஒரு கதவைத் தாழ் போடுகிற மாதிரி பேட்டை மெல்ல இறக்குவார். பந்து ஸ்லிப்புக்கும் கீப்பருக்கும் நடுவே ஓடும். அவ்வளவு தாமதமாக ஆட பந்தை என் விரலிலிருந்து கடைசிவரை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அவர் பேட்டில் வெளி ஓரத்துக்குப் பக்கமாக, அடியிலிருந்து நாலு விரல் மேலே ஒரு தடம் எப்போதும் இருக்கும்.

ஒரு சீசன், அந்தத் தடம் இல்லை.

முதலில் பேட்டை மாற்றியிருப்பார் என்று நினைத்தேன். ஆனால் ஆட்டமும் மாறியிருந்தது. காத்திருக்கவில்லை. முன்காலை நீட்டி, பந்து விழும் இடத்துக்கே பேட்டைக் கொண்டுபோய்த் தள்ளினார். மெதுவான பந்துக்கும் வேகமான பந்துக்கும் பேட் ஒரே நேரத்தில் இறங்கியது. பந்தை என் கையில் பார்க்கிறவர் அப்படி ஆடமாட்டார். தரையில் பட்டபிறகுதான் பார்க்கிறார். அம்பயரிடம், "சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று இரண்டு தடவை கேட்டார். தொப்பியைப் புருவம் வரை இழுத்துக்கொண்டார். மேகம் மூடியபோது நன்றாக ஆடினார், வெயில் திரும்பியதும் தடுமாறினார். ஆர்ம் பால் போட்டேன், மிடில் ஸ்டம்ப் போனது. அடுத்த சீசனிலும் அதே பந்து, அதே ஸ்டம்ப். அந்த இரண்டாவது விக்கெட்டுக்கு என் ஆட்கள் ஓடி வந்து கட்டிக்கொண்டபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆட்டம் முடிந்ததும் மோர் டம்ளரோடு தனியாக நின்றிருந்தார். போய்க் கேட்டேன். "அண்ணா, என் கையிலேருந்து பால் வெளிய வர்றது உங்களுக்குத் தெரியுதா?"

"வயசாயிடுச்சுப்பா" என்றார்.

"வயசானா கால்தான் முதல்ல போகும். உங்க கால் சரியாத்தான் போகுது. ஒரு தடவை கண்ணக் காட்டிருங்க."

அவர் முகம் மாறியது. மோரைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். எதிரணிக்காரன் சொல்லவேண்டிய வார்த்தையா என்று பல நாள் எனக்கே உறுத்தியது. ஜெயித்தவன் வந்து உனக்குக் கண் தெரியவில்லை என்று சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது?

அடுத்த வருஷம் டாஸ் போட்டுக்கொண்டிருந்தபோது என்னைத் தேடி வந்தார். சர்க்கரை இருந்திருக்கிறது, அதனால் சீக்கிரமே கண்புரை. இரண்டு கண்ணிலும் ஆபரேஷன் முடிந்திருந்தது. "ராத்திரி வண்டி ஓட்டறப்ப எதிர் லைட்டு கூசுதுன்னு மட்டும் நெனச்சிட்டிருந்தேன். வீட்ல யாருக்கும் தெரியல. உனக்கு எப்படிப்பா தெரிஞ்சுது?" என்றார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "நீங்க லேட் கட் அடிக்கல அண்ணா" என்றேன்.

அன்றைக்கு எட்டாவது ஓவரில் என்னைக் கூப்பிட்டார்கள். அவர் 15 ரன்னில் இருந்தார். முந்தின ஓவரின் கடைசிப் பந்தில் ஒரு ரன் எடுத்திருந்ததால் ஸ்ட்ரைக் அவரிடம் இருந்தது. நான் ஃபீல்டை அமைத்தேன். ஒரு ஸ்லிப், அவனையும் கொஞ்சம் அகலமாக. தர்ட் மேனில் யாரும் இல்லை. முதல் பந்து மெதுவாக, நல்ல உயரத்தில், ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே. அவர் பின்காலில் போனார். காத்திருந்தார். கீப்பர் கிளவுஸை விரித்துவிட்டான். அப்போதுதான் பேட் இறங்கியது.

பந்து வேலியில் இடிக்கும்வரை ஸ்லிப்பில் இருந்தவன் அதைத் துரத்திக்கொண்டு ஓடினான். கேப்டன் மிட்-ஆஃபிலிருந்து, தர்ட் மேனுக்கு ஒரு ஆளை அனுப்பட்டுமா என்று சைகையில் கேட்டார்.

வேண்டாம் என்று கையை அசைத்தேன்.